மறுபடியும் தப்பித்த மாத்திரை

156 கூட்டு மருந்துகளைத் தடை செய்து 2024 ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையை வாசகர்கள் படித்திருப்பார்கள். அசெக்லோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாரசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த வலி மாத்திரை முதல், சளிக்கும் காய்ச்சலுக்கும் மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாகத் திணித்தவை வரை பலவும் போயின. அவை போனதில் நமக்கு வருத்தமில்லை. மருத்துவ நியாயமே இல்லாத சேர்க்கைகள் என்று நிபுணர் குழு சொன்னதை ஏற்கிறோம். நம் கோபமெல்லாம் அந்தப் பட்டியலில் விடுபட்டதைப் பற்றித்தான். வயிற்றுப்போக்கு என்று எந்த மெடிக்கலில் போய் நின்றாலும் கையில் வந்து விழும் ஒஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் மாத்திரை அதில் இல்லை.

அந்த மாத்திரையை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊர்த் தண்ணீர் மாறினாலும், கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனாலும், வீட்டில் யாருக்கு வயிறு கெட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். "வயித்தால போகுது" என்று சொன்னால் போதும். மருந்துச் சீட்டு கேட்பதில்லை. ரத்தம் போகிறதா என்று கேட்பதில்லை. வயதென்ன, சுகருக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்ற கேள்விகளும் கிடையாது. அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை, கூடவே வயிறு எரியாமலிருக்க ஒரு ஆன்டாசிட். அந்த ஆன்டாசிடில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் ஒஃப்லாக்சசினோடு ஒட்டிக்கொண்டு அதை ரத்தத்தில் ஏறவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும். காலாவதித் தேதி மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும்.

மாத்திரைக்குள் இருப்பவை இரண்டு. ஒஃப்லாக்சசின் பாக்டீரியாவைக் கொல்லும். ஆர்னிடசோல் அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் சில பாக்டீரியாக்களையும் கொல்லும். எது காரணமாக இருந்தாலும் இரண்டில் ஒன்று பிடித்துவிடும் என்பதுதான் இந்தக் கூட்டை விற்பவர்கள் சொல்லும் நியாயம். ஒரே ஆளின் குடலில் ஒரே நேரத்தில் இரண்டும் நோய் உண்டாக்குவது அபூர்வம். ஆகவே இந்த மாத்திரையை விழுங்கும் அநேகமாக ஒவ்வொருவரும் தமக்குத் தேவைப்படாத ஒரு மருந்தையாவது விழுங்குகிறார். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தேவைப்படாது. தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருகிறது, அல்லது சில நாளில் தானாக அடங்குகிறது. ரத்தமும் சீதமும் கலந்து போனால், காலரா என்று சந்தேகம் வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும். எது வேண்டும் என்பதை ஒரு மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அமீபா என்று உறுதியானாலும் அதற்கென்று தனி மருந்து இருக்கிறது, அது முடிந்ததும் குடலுக்குள் தங்கியிருப்பதை அழிக்க இன்னொன்றும் தர வேண்டும். இந்தக் கூட்டு மாத்திரை அதைச் செய்வதில்லை.

வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது நீரிழப்பு. அதற்கு மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால் மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்கத் துணிந்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதை உலகத்துக்குச் செய்து காட்டியது நம் மண். அதே மண்ணில் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வயிறு கெட்டவர் கேட்காமலே கூட்டு மாத்திரை கிடைக்கிறது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு இதனுடன் 14 நாள் ஜிங்க் கொடுக்க வேண்டும் என்ற விவரமும் பல தாய்மாருக்குப் போய்ச் சேரவில்லை.

தேவையில்லாத மருந்து சும்மா போய்விடாது. ஒஃப்லாக்சசின் ஃப்ளூரோகுயினலோன் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் குடும்பத்தின் மேல் அடுக்கடுக்காக எச்சரிக்கைகள் ஏற்றியிருக்கிறது. 2008-இல் தசைநார் வீக்கமும் கிழிவும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநார்தான் பெரும்பாலும் அறுபடுகிறது. 2013-இல் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு எரிச்சலும் மரத்துப்போதலும் நிலைத்துவிடும் ஆபத்து. 2016-இல், சாதாரண சைனஸ், மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தரக்கூடாது என்ற கட்டளை. 2018-இல் சர்க்கரை திடீரென இறங்குவது, மனக் குழப்பம், பெருந்தமனி கிழிவது. ஐரோப்பா 2019-இல் தன் நாடுகளில் இந்த மருந்துகளின் பயன்பாட்டைச் சுருக்கியது. பயணத்தில் வயிறு கெடாமல் இருக்க முன்கூட்டியே இவற்றைப் போட்டுக்கொள்வதையும் கூடாது என்றது. பிரிட்டன் 2024 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், மற்ற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாதபோது மட்டுமே இவற்றைத் தர வேண்டும் என்று விதித்தது. அதே 2024-இல்தான் நம்மூரில் 156 மருந்துகளின் பட்டியல் வந்தது.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் தசைநார் ஆபத்து அதிகம். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை எடுக்கும் ஒருவர் இதையும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வயிற்றுப்போக்கால் ஏற்கெனவே சாப்பிடாமல் கிடப்பவருக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் சுகர் மாத்திரை எடுக்கும் நாடு இது. நம் நாட்டுக்கென்று இன்னொரு கேடும் உண்டு. காசநோய்க் கிருமியையும் இந்த மருந்துக் குடும்பம் கொஞ்சம் அடக்கும். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் இதைப் போட்டுக்கொண்ட காசநோயாளிக்கு இரண்டு வாரம் உடம்பு தேறியதுபோல் இருக்கும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், அதற்குள் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். டைஃபாய்டில் அது நடந்து முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் டைஃபாய்டுக்குக் கைகொடுத்த இதே குடும்ப மருந்துகளுக்கு இன்று நம் நாட்டு டைஃபாய்டுக் கிருமி பெரும்பாலும் அசைவதில்லை.

மருந்து விற்பனை விதிகளில் அட்டவணை எச்1 என்று ஒன்று உண்டு. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் லெவோஃப்லாக்சசின் இருக்கிறது, ஒஃப்லாக்சசின் இல்லை. இதன் பொருளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒஃப்லாக்சசின் என்பது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு மூலக்கூறுகளின் சரிபாதிக் கலவை. அதில் வேலை செய்யும் பாதியைப் பிரித்தெடுத்தால் அதுதான் லெவோஃப்லாக்சசின். பாதிக்குப் பதிவேடு, அந்தப் பாதியைத் தனக்குள் வைத்திருக்கும் முழுமைக்குப் பதிவேடு கிடையாது! எழுதியவர்களுக்கு வேதியியல் தெரியாது என்று நாம் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே விட்டிருக்கிறார்கள். பத்தாண்டாக அதைத் திருத்தவும் இல்லை.

கூட்டு மருந்து என்றாலே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் மழைக்குப் பின் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டும் சேர்த்தா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மற்ற மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டு சுமார் 800 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்தது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2023-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். நம் கடைகளில் கிடக்கும் கூட்டுகளில் எத்தனைக்கு அப்படி ஒரு சோதனை நடந்தது? இந்தியாவில் 2007 முதல் 2012 வரை விற்ற 118 ஆன்டிபயாடிக் கூட்டுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 75-க்கு மத்திய அனுமதியே இல்லை என்று 2018-இல் எழுதினார்கள். புதிய சேர்க்கை எதுவாயினும் மத்திய அனுமதி வேண்டும் என்று விதி இருக்க, மாநில உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சந்தைக்கு வந்தவை அவை.

இந்தத் தடைப் பட்டியல்களைப் போடும் மத்திய அரசு மேசைகளின் பழைய கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். 2007-இல் 294 கூட்டு மருந்துகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். உற்பத்தியாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள், வருடங்கள் ஓடின. 2016 மார்ச்சில் 344 மருந்துகளைத் தடை செய்தார்கள். செய்த முறை சரியில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி ஆராயச் சொல்லி, 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் தடையாயின. பிறகு 2023 ஜூனில் 14. 2024 ஆகஸ்டில் 156. ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியல், ஒரு பரபரப்பு, ஒரு வழக்கு. நடுவே மருந்து விற்றுக்கொண்டே இருக்கும். சட்டப்படி செய்ய வேண்டிய ஆலோசனையை முன்கூட்டியே ஒழுங்காகச் செய்திருந்தால் 2016-இல் அந்தத் தோல்வி வந்திருக்காது. அது அவர்களுக்குத் தெரியாத சட்டமா?

கேட்டிஃப்லாக்சசினை மறந்துவிட்டோமா? இதே ஃப்ளூரோகுயினலோன் குடும்பம்தான். சர்க்கரையை ஏற்றியும் இறக்கியும் ஆட்களைச் சாய்த்ததால் 2006-இலேயே அமெரிக்காவில் அதன் மாத்திரையைக் கைவிட்டார்கள். இங்கே தடை வந்தது 2011 மார்ச்சில். அந்த ஐந்தாண்டும் நம்மவர்கள் அதை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, இந்திய நோயாளிகளிடம் சோதனை நடத்தாமலே 33 மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டதை எடுத்துப் போட்டது. அனுமதிப்பவர்களும் தயாரிப்பவர்களும் கைகோத்திருப்பதாகவே அந்த அறிக்கை பேசியது. அதற்குப் பிறகும் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

2024 ஜனவரியில் மத்திய அரசிடமிருந்து மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் போனது. ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறீர்கள் என்ற காரணத்தையும் சீட்டில் குறியுங்கள் என்றது. கடைக்காரர்களுக்கும் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்று வேண்டுகோள். நல்ல கடிதம்தான். சீட்டே இல்லாமல் விற்கும் மாத்திரைக்கு எந்தச் சீட்டில் காரணம் எழுதுவது? சீட்டில்லாமல் கொடுப்பது ஏற்கெனவே சட்டப்படி குற்றம். குற்றத்தைத் தடுக்க வேண்டியவர்கள் வேண்டுகோள் விடுக்கிறார்கள் என்றால் தங்கள் அதிகாரத்தை அவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். 2016-இல் அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, இதைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று விளம்பரம் செய்ததும் இதே வகைதான். அந்தக் கோடும் கத்தரியில் போகிறது.

சாதாரணத் தொற்றுக்கு எந்த மருந்து, எத்தனை நாள், என்ன கெடுதல் வரலாம் என்பதெல்லாம் மருத்துவப் புத்தகங்களில் தெளிவாக இருக்கிறது. சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் ஐந்து நாள். அது சிறுநீரைப் பழுப்பாக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கோ-ட்ரைமாக்சசோல் சிலருக்கு உடம்பெல்லாம் தோலை உரித்துவிடும். தடிப்பு வந்தவுடன் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் நோயாளிக்கு அவர் மொழியில் ஒரு தாளில் அச்சிட்டுத் தர முடியாதா? உலக சுகாதார நிறுவனம் ஒஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் கூட்டுகளைப் பரிந்துரைக்கத் தகாதவை என்று தனியாகப் பட்டியலிட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பட்டியலை எடுத்து மேசையில் விரித்து, இங்கே எவையெல்லாம் விற்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை நாள் பிடிக்கும்? இனியாவது உரியவர்கள் உரிய நடவடிக்கையை எடுத்தாக வேண்டும். நீதிமன்றத்தில் நிற்கும் விதத்தில் எடுக்க வேண்டும், பாதியைப் பிடித்து முழுமையை விடாமல் எடுக்க வேண்டும்.

அவர்கள் எடுக்கும்வரை வாசகர்களை வேண்டிக் கேட்கிறோம். வயிறு கெட்டால் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேளுங்கள். ரத்தம் போனாலும், காய்ச்சல் அடித்தாலும், சிறுநீர் குறைந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஏதாவது மாத்திரை போட்டபின் குதிகாலில் வலியோ, கைகாலில் எரிச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அதைப் பதிவும் செய்யுங்கள். மாத்திரை வாங்கும்போது பெயர் அச்சிட்ட பக்கத்தோடு அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.