இழப்பீடு தீர்வாகாது

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி மயங்கி வீழ்கிறார். அவரைத் தூக்கிவிட இறங்கியவரும் மீள்வதில்லை. அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது நுகரும் புலனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் அடங்கிற்றென நம்பி இறங்குவோரை அது ஓரிரு மூச்சில் வீழ்த்துகிறது. அடுத்து ஒப்பந்தக்காரர் மீது வழக்கு, ஆட்சியாளரின் இரங்கல், இழப்பீட்டுக் காசோலை. சில வாரங்களில் வேறோர் ஊரில் வேறொரு தொட்டி திறக்கப்படுகிறது.

2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என வகுத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்ந்தது. குடும்பங்களுக்கு அது உரிய நீதியே. ஆனால், சாவை எதிர்பார்த்தே இயங்கும் ஓர் அமைப்பை அத்தொகை மாற்றிவிடாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களையே பாருங்கள். பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இன்றி மனிதரைக் கொண்டு தொட்டியைத் தூய்மை செய்விப்பதையே அது ‘அபாயகரமான துப்புரவு’ என்கிறது. உரிய கருவிகளைத் தந்துவிட்டால் ஒருவரை மலக்குழிக்குள் இறக்கலாம் என்று வாதிட இதில் இடமிருக்கிறது. கையுறையும் முகமூடியும் தரப்பட்டனவா என்ற விசாரணையில், மனிதன் ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

மலத்தைக் கையால் அள்ள வேண்டியிருந்த உலர் கழிப்பிடங்களின் வரலாறு நமக்கு வேறு வழி காட்டுகிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் மலம் அள்ளுவோருக்கு நல்ல கூடை கேட்கவில்லை. அத்தகைய கழிப்பிடங்களைக் கட்டுவதையே தடுத்தது. நடைமுறையில் அச்சட்டம் பெரிதும் தளர்ந்தது உண்மை. எனினும் அதன் திசை சரியானது.

அதே துணிவு இப்போது வேண்டும். நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள சிற்றூர்களில் இரட்டைக்குழிக் கழிப்பிடம் பொருந்தும்: ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாறினால், ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடக்கும் முதற்குழி எருவாகிவிடும். நகரங்களில், உறிஞ்சு குழாய் எட்டும் வாயில்லாத தொட்டிக்குக் கட்டட அனுமதியே தரலாகாது. ஊர்தி நுழையாச் சந்துகளுக்குச் சிறு எந்திரங்கள் வேண்டும்.

எந்திரம் மட்டும் போதாது. இப்பணிக்குக் குறிப்பிட்ட சாதியினரே அழைக்கப்படுவதும், கூலியைக் குறைக்க ஒப்பந்தத்துள் ஒப்பந்தம் வைப்பதுமே குழியின் வாயைத் திறந்து வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு அரசும் உள்ளாட்சிகளும் இவ்வொப்பந்த முறையை நீக்கி, நேரடி நியமனமும் நிலையான ஊதியமும் தர வேண்டும். இன்றைய தொழிலாளரின் பிள்ளைகள் உயர்கல்வி முடித்து வேறு பணிக்குச் செல்லும்வரை, அவர்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும்.