எலியின் காதைப் பாருங்கள், தோழர்களே!

மழை ஓயப்போகிறது. வரப்பில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. இனி மாசி வரைக்கும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் காலம். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் களப்பணி செய்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் என்ன செய்கிறோம்? காய்ச்சல்காரர் படுக்கையில் விழுந்த பிறகு ஊருக்குள் போகிறோம். இந்த வழக்கத்தை இந்த ஆண்டே உடைப்போம்!

எலிப்பொறிகளை இறக்குங்கள்! வளைவாய், வேலியோரம், வைக்கோற்போர் அடி, வீட்டுக் கொல்லை எதையும் விடாதீர்கள். கருவாடோ மசால் வடையோ வைத்து, பொழுது சாயும்போது போட்டு விடியலில் எடுங்கள். எந்த வரப்பில் எந்த வளை உயிரோடிருக்கிறது என்று இருளர் தோழர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது; உரிய ஊதியத்தோடு அவர்களைக் குழுவில் சேருங்கள். மூஞ்சூறு சிக்கினால் முகம் சுளித்துத் திறந்துவிடாதீர்கள். அது எலி இனமே இல்லை, ஆனால் உண்ணிக்குஞ்சுகளை ஏராளமாகச் சுமக்கும்.

சிக்கியதன் காதுமடலுக்குள் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவில், ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். ஸ்க்ரப் டைபஸைத் தரும் ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவை நம் உடம்பில் ஏற்றுவது இந்தக் குஞ்சுதான். தாயிடமிருந்து முட்டை வழியாகவே இதற்குக் கிருமி வந்துவிடுகிறது. அதனால் எலியை மட்டும் கொன்று குவிப்பது வீண்வேலை. எலி இல்லாவிட்டால் குஞ்சு மனிதக் காலைத் தேடும்.

எண்ணுங்கள். எலிக்குச் சராசரி 0.69 குஞ்சுக்கு மேல் போனால் அந்த ஊர் அபாயத்தில் இருக்கிறது. நாய், மாட்டு உண்ணிகளையும் குப்பியில் போடுங்கள். ரிக்கெட்சியா என்ற காய்ச்சல் கிருமி அங்கே ஒளிந்திருக்கலாம். கையுறை இல்லாமல் பொறியைத் தொடாதீர்கள், எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா உண்டு. கையுறை கேட்டால் 'அடுத்த காலாண்டு' என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், சங்கம் கூட நிற்கும்!

இவ்வளவும் எதற்கு? பென்சிலின் வகை மருந்துகள் ஸ்க்ரப் டைபஸ் கிருமியிடம் எடுபடாது. டாக்சிசைக்ளின் எடுபடும், விலையும் சொற்பம். ஆனால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுப்புப் பொருக்கைத் தேட மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமே! அபாயத்தில் இருக்கும் ஊரின் பெயர் முன்கூட்டியே அவர் மேசையில் இருந்தால் தோன்றும். ஆய்வக முடிவு வரும்போது வரட்டும். காதில் எண்ணிய கணக்கை அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேருங்கள். பொறி போதாத வட்டாரத் தோழர்கள் இன்றே கேளுங்கள். கூடுதலாக வைத்திருப்பவர்கள் இன்றே அனுப்புங்கள்!