சைக்கிள் வாங்குமுன் குனிந்து பாருங்கள்

மாணவர்களே, ஈப்போ கிளேடாங் மலைப் பாதையிலும் பழைய தோட்டத்துச் செம்மண் சாலைகளிலும் ஓட்டுவதற்குப் பழைய மலை சைக்கிள் ஒன்றை வாங்க நினைக்கிறீர்களா? எல்லாரும் முதலில் கியரையும் பிரேக்கையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து, இரண்டு மிதிகட்டைகளுக்கும் நடுவே பாருங்கள். கிராங்கைத் தாங்கும் அச்சும் பேரிங்குகளும் அங்கே இருக்கின்றன. இதற்குப் பெயர் 'பாட்டம் பிராக்கெட்', சுருக்கமாக பி.பி.

பேரிங் அங்கே இரண்டு வழிகளில் நிற்கும். ஜாம் போத்தலின் மூடியைப் போல மரையில் திருகி நிற்பது ஒன்று. போத்தலில் கார்க்கை அடைப்பதுபோல, சற்றே சிறிய துளைக்குள் அழுத்திச் செருகுவது மற்றொன்று. இதை 'பிரஸ் ஃபிட்' என்பார்கள். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும், நம் வீட்டுப் பணப்பைக்கும் மரை வைத்ததே ஏற்றது என்பது என் கருத்து.

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால் வாளிகளைச் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார். ஆண்டுக்கொரு முறை இடப்பக்கக் கப்பைக் கழற்றி, எஃகுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி மாட்டுவார். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் நான் சங்கிலிப் பக்கக் கப்பைக் கழற்றப் பார்த்தேன். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, வழக்கம்போல் இடஞ்சுழியாக முழு பலத்தோடு இழுத்தேன். கப் இன்னும் இறுகியது. அன்று கிடைத்த திட்டு வேறு கதை.

சங்கிலிப் பக்கத்தில் மட்டும் மரை தலைகீழ். ஏன்? கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதோடு சேர்ந்து கப்பும் வலஞ்சுழியாக இழுபடும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு சோதனை செய்யுங்கள். அகலமான வளையல் ஒன்றுக்குள் பென்சிலை விட்டு, அதன் உட்சுவரில் வழுக்காமல் உருட்டிக்கொண்டே வலஞ்சுழியாக வலம் வரச் செய்யுங்கள். பென்சில் தன்னளவில் இடஞ்சுழியாகச் சுழல்வதைக் காண்பீர்கள். துளைக்குள் சற்றே தளர்ந்திருக்கும் கப்பும் அப்படித்தான். அதை அழுத்தும் புள்ளி சுற்றிவரச் சுற்றிவர, கப் எதிர்த்திசையில் மெல்ல ஊர்கிறது. தலைகீழ் மரையில் அந்த ஊர்தல் கப்பை இறுக்கும். இத்தாலிய முறையில் இருபக்கமும் சாதாரண மரைதான். அதனால் சங்கிலிப் பக்கக் கப் தானாகக் கழன்றுவிடும் தொல்லை அதற்கு உண்டு.

இன்று பரவலாக உள்ள மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. கப் தேய்ந்தால் எந்த நிறுவனத்தின் கப்பையும் வாங்கி மாட்டலாம்.

பிரஸ் ஃபிட் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். துளை பெரிதானால் அச்சும் பெரிதாகலாம். 24 மில்லிமீட்டர் குழாய் அச்சை, அதே உலோகத்தில், அதே சுவர்த் தடிமனில் 30 ஆக்கினால் முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் 24 மி.மீ. அச்சு பெரும்பாலும் எஃகு, 30 மி.மீ. அச்சு பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தின் விறைப்போ எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக, உண்மையில் கிடைக்கும் லாபம் எடைக் குறைவு. விளம்பரங்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கார்பன் சட்டத்தில் மரைக்கென உலோக வளையம் பதிக்க வேண்டியதில்லை என்பதால் தயாரிப்பாளருக்கும் வேலை மிச்சம்.

அந்த மிச்சத்துக்கான விலையைப் பிறகு ஓட்டுபவர்தான் கொடுக்கிறார். கார்க் போன்ற பிடிப்பில், மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் கூடினாலும் குறைந்தாலும் கதை மாறிவிடும். துளை சற்றுப் பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் கப் உள்ளே அசையும். அந்த இடைவெளியில் மழைநீரும் செம்மண்ணும் புகும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கழற்றுவதற்குத் தட்டி வெளியே எடுக்க வேண்டும், மாட்டுவதற்கு அழுத்தும் கருவி வேண்டும். மரை வைத்ததற்கு ஒரு ஸ்பேனர் போதும். தோட்டத்து வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும்.

தயாரிப்பாளர்களே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். சாந்தா குரூஸ் நிறுவனம் தன் பெரும்பாலான மலை சைக்கிள்களில் மரையை விடவில்லை. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஸ்டம்ப்ஜம்பரில் மரைக்குத் திரும்பியது. 47 மில்லிமீட்டர் விட்டத்தில் மரை வைத்த 'டி47' என்ற அளவும் 2015இல் வந்துவிட்டது. பெரிய அச்சு வேண்டும் என்பவர்களுக்கும் இப்போது மரை கிடைக்கிறது.

வாங்கப் போகும்போது சட்டத்துக்கு வெளியே தெரியும் கப்பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஸ்பேனர் பிடிக்கப் பல் பல்லாக வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் மரை. வழவழப்பாக, சட்டத்தோடு ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் பிரஸ் ஃபிட். எதுவானாலும் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள்.