கேம்பஸ் கராஜ்: தூக்குறது ஜாக்கி... தாங்குறது யாரு?



சினிமாவுல மெக்கானிக் ஹீரோ என்ட்ரி எப்படி இருக்கும்? காருக்கு அடியில முதல்ல ரெண்டு கால் மட்டும் தெரியும். அப்புறம் பலகையில படுத்தபடியே சர்ருனு வெளியே வருவார். கன்னத்துல அளவா ஒரு கிரீஸ் கறை, கையில ஸ்பானர். தியேட்டரே விசில் அடிக்கும். ஆனா, அந்த சீன்ல நாம யாருமே கவனிக்காத ஒரு சமாச்சாரம் உண்டு. அத்தனை நேரமும் அவர் தலைக்கு மேல அந்தக் காரைத் தாங்கிக்கிட்டு இருந்தது எது? இந்த வார மேட்டர் அதேதான்!

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போற நம்ம சீனியர்கள், கையில கொஞ்சம் டாலர் சேர்ந்ததும் செகண்ட் ஹேண்டுல ஒரு கார் பார்ப்பாங்க. அதுல கார் பைத்தியம் முத்தின கேஸ்கள் தேடுறது, மஸ்தா எம்எக்ஸ்-5. அந்த ஊர்ல அதுக்குப் பெயர் மியாட்டா. 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதன்முதலா தலைகாட்டின, ரெண்டே சீட் உள்ள குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தயாராச்சு. உலகத்திலேயே அதிகம் விற்ற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்னு கின்னஸ்ல இடம் பிடிச்ச பார்ட்டி. நம்ம ஊர் ஷோரூம்ல கிடைக்காது. அங்கே பழசு சல்லிசா கிடைக்கும். ஆனா ஒர்க்ஷாப்புக்குள்ள விட்டா மணிக்கணக்குல கூலி எகிறும். அதனால ஆயில் மாத்துறது, பிரேக் பேட் மாத்துறது எல்லாத்தையும் வீட்டு கராஜிலேயே பண்ணிக்கிற ஆட்கள் அங்கே ஏராளம்.

பண்ணலாம், தப்பே இல்லை. ஆனா படுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ன் எடை கிட்டத்தட்ட ஒரு டன். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதின்னு எடை ஏறக்குறைய சமமா பிரியும். அப்படின்னா, முன்பக்கத்தை மட்டும் தூக்கினாலே உங்க தலைக்கு மேல நிற்கிறது சுமார் 500 கிலோ. பத்து சிமென்ட் மூட்டை! அது நெஞ்சு மேல இறங்கினா எலும்பு உடையறது ரெண்டாவது பிரச்னை. முதல் பிரச்னை மூச்சு. நெஞ்சு விரிய இடம் இல்லேன்னா மூச்சை இழுக்க முடியாது. மூச்சு இல்லேன்னா கத்திக் கூப்பிடவும் முடியாது. பக்கத்து ரூம்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கிற நண்பனுக்கு எதுவுமே தெரியாது. ‘சின்ன கார்தானே’னு அசால்ட்டா நினைக்கிறவங்க இந்தப் பாராவை இன்னொரு தடவை படிச்சிடுங்க.

பாஸ்கல் தாத்தா தூக்குவார், காவல் காக்க மாட்டார்!

பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல பாஸ்கல் விதி படிச்சோமே, ஞாபகம் இருக்கா? சின்ன பிஸ்டனை நாம அமுக்கினா, எண்ணெய் அந்த அழுத்தத்தை அப்படியே பெரிய பிஸ்டனுக்குக் கொண்டுபோகும். ஒரு கையால 500 கிலோவைத் தூக்குற மேஜிக் அதுதான். ஹைட்ராலிக் ஜாக்கியின் மொத்த ரகசியமும் இவ்வளவே.

இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க. தூக்கின காரை அப்புறம் தாங்கி நிற்கிறதும் அதே எண்ணெய்தான். அந்த எண்ணெயை உள்ளே பூட்டி வெச்சிருக்கிறது ரப்பர் மாதிரி ஒரு சின்ன சீல், அப்புறம் ஒரு வால்வு. சீல் தேய்ஞ்சிருந்தாலோ, வால்வுல ஒரு துளி தூசி சிக்கினாலோ எண்ணெய் கசியும். கார் இறங்கும். சில நேரம் மெதுவா, சில நேரம் ஒரேயடியா. அதனாலதான் உலகம் பூரா மெக்கானிக்குகளுக்கு ஒரே ஒரு சட்டம்: ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும். தாங்குறதுக்கு ஸ்டாண்டு. டிக்கியில ஸ்டெப்னியோட வர்ற திருகு ஜாக்கி இன்னும் மோசம். டயர் மாத்துறதோட அதன் டியூட்டி முடிஞ்சுது. அதை நம்பி உள்ளே தலையை விடவே கூடாது.

‘ஸ்டாண்டு எதுக்கு பாஸ், ரெண்டு ஹாலோ பிளாக் வெச்சா ஆச்சு’ன்னு ஒரு குரல் வருமே, அதுக்கும் பதில் சொல்லிடறேன். சுவர்ல வரிசையா அடுக்கி, எடை சமமா பரவும்போது ஹாலோ பிளாக் பலசாலி. ஒரே ஒரு முனையில எடை குத்தி நின்னா அதுவே பொசுக்குனு நொறுங்கிடும். மரக்கட்டையாவது நசுங்கும்போது முனகும். கல் சொல்லாம கொள்ளாம போயிடும். செங்கல்லுக்கும் இதே கதைதான்.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, அப்புறம் என்ன?

இங்கேதான் ஸ்போர்ட்ஸ் கார் நம்மகிட்ட வேலையைக் காட்டும். கவனமா கேளுங்க.

நம்ம வீட்டு ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகள்ல இன்ஜின் முன் சக்கரத்தை ஓட்டும், ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும். கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து விட்டா முன்னாடி ஒரு பிடி, பின்னாடி ஒரு பிடி. ஒரு பக்கத்தைத் தூக்கினாலும் இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும்.

எம்எக்ஸ்-5 அப்படி இல்லை. அது பின் சக்கரத்தால ஓடுற கார். கியர் பிடிக்கிறதும் பின் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதும் பின் சக்கரத்தை. இப்போ பின்பக்கத்தைத் தூக்குறீங்கன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பிடியும் ஒரே நேரத்துல அவுட்! தரையில நிற்கிற முன் சக்கரம் ரெண்டும் ஃப்ரீயா உருளும். ஸ்விஃப்ட்ல பழகின கை இதை யோசிக்கவே யோசிக்காது. கார் ஒரு சாண் உருண்டாலும் போதும், ஜாக்கியிலிருந்து வழுக்கிடும்.

மருந்து ரொம்ப சிம்பிள்: முட்டுக்கட்டை. தரையில நிற்கிற ரெண்டு சக்கரத்துக்கும், முன்னாலயும் பின்னாலயும் இறுக்கமா வைக்கணும். அரசியல்லதான் முட்டுக்கட்டை போடுறது தப்பு. இங்கே போடலேன்னாதான் தப்பு!

முதல்ல தரை, அப்புறம் கார்

தரை சமமா, கெட்டியா இருக்கணும். கான்கிரீட் பெஸ்ட். மண், ஜல்லி ரெண்டும் வேண்டவே வேண்டாம். தார் ரோடு வெயில்ல இளகும். ஸ்டாண்டோட கால் மெல்ல உள்ளே இறங்கும். வேற வழியே இல்லேன்னா கால்களுக்கு அடியில கெட்டியான ப்ளைவுட் பலகை போடுங்க.

சக்கரத்தைக் கழற்றப் போறீங்களா? கார் தரையில இருக்கும்போதே வீல் நட்டை லேசா தளர்த்திடுங்க. தூக்கின பிறகு ஸ்பானர் மேல ஏறி நின்னு குதிச்சா, நட்டு கழலுதோ இல்லையோ, கார் கழண்டுடும்.

அடுத்து ஜாக்கி. ஸ்போர்ட்ஸ் கார் தரையோட தரையா இருக்கும். சாதாரண டிராலி ஜாக்கி உள்ளேயே நுழையாது. உயரம் குறைந்த மாடல் வாங்கணும். இல்லேன்னா காரை முதல்ல ரெண்டு பலகை மேல ஏத்தி நிறுத்தி, இடைவெளி பண்ணிக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். டிராலி ஜாக்கியோட கை நேரா மேலே போகாது. வில் மாதிரி வளைஞ்சு போகும். அதனால தூக்கத் தூக்க, ஜாக்கி தானா காருக்கு அடியில கொஞ்சம் உருண்டு போயாகணும். அதுக்குத்தான் அதுக்கு சக்கரம். தரையில ஒரு கூழாங்கல்லோ, விரிசலோ அந்தச் சக்கரத்தைத் தடுத்தா, தலைப்பகுதி காரோட அடியில சறுக்க ஆரம்பிக்கும். ஸோ, வேலைக்கு முன்னாடி தரையை ஒரு பெருக்கு பெருக்கிடுங்க. அம்மா பார்த்தா ஆச்சரியப்படுவாங்க!

எங்கே வைக்கணும்?

காரோட அடிவயிறு முழுக்க பலமானது இல்லை. எம்எக்ஸ்-5-ல முன்பக்கம் தூக்க, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்கே போற இரும்புச் சட்டத்தின் மையம். பின்பக்கம் தூக்க, டிஃபரன்ஷியலின் மையம். ஸ்டாண்டு வைக்க, கதவுக்குக் கீழே ஓடுற விளிம்புல கம்பெனியே ரெண்டு வெட்டு போட்டு அடையாளம் காட்டியிருக்கும். அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுல வைக்கணும். விளிம்பு மடங்காம இருக்க, நடுவுல பள்ளம் உள்ள ரப்பர் துண்டு ஒண்ணு வெச்சா உத்தமம்.

வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி, மெல்லிசான தரைத் தகடு, அப்புறம் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைச்சு நீளமா ஓடுற அந்த அலுமினியச் சட்டம். பார்க்க ஜம்முனு இருக்கும். ஆனா ஜாக்கி போடுறதுக்கான இடம் அது இல்லை.

இதெல்லாம் எம்எக்ஸ்-5 ஜாதகம். வேற காருக்கு வேற ஜாதகம். போர்ஷே 911-க்கு இன்ஜினே பின்னாடிதான் இருக்கு. அதனால எந்தக் காரா இருந்தாலும் முதல்ல அதோட ஒர்க்ஷாப் கையேட்டைப் புரட்டுங்க. பரீட்சைக்கு முந்தின ராத்திரியாவது புக்கைத் திறக்கிறோம் இல்லையா, அந்த மரியாதையையாவது காருக்குக் கொடுங்க.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதே!

ரெண்டு ஸ்டாண்டும் ஒரே உயரத்துல, பல் சரியா மாட்டியிருக்கான்னு கண்ணால பார்த்து, கையால தட்டி உறுதி பண்ணிக்குங்க. பெட்டியில போட்டிருக்கிற எடை ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கான்னு படிச்சுடுங்க. ஜாக்கியை மெதுவா இறக்கி, எடை முழுசா ஸ்டாண்டு மேல உட்காரட்டும். அப்புறம் வெளியே நின்னபடி காரை ரெண்டு கையாலயும் நல்லா ஆட்டிப் பாருங்க. விழறதா இருந்தா, நீங்க வெளியே இருக்கும்போதே விழுந்து தொலையட்டும்!

‘அதான் ஸ்டாண்டு வெச்சாச்சே, இன்னும் என்ன?’ன்னு கேட்டா, 2020-ல் நடந்ததைக் கேளுங்க. அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட்ங்கிற பெரிய டூல்ஸ் கடை, தான் விற்ற லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எடை ஏறி நிற்கும்போது பல் விலகி, ஸ்டாண்டு சட்டுனு இறங்க வாய்ப்பு இருந்ததுதான் காரணம். அதுக்குப் பதிலா கொடுத்த மாடல்லயும் வெல்டிங் கோளாறுன்னு அதே வருஷம் இன்னொரு அறிவிப்பு வந்தது!

அதனாலதான் கைதேர்ந்தவங்க எப்பவும் ரெண்டாவது காவல் ஒண்ணு வெச்சிருப்பாங்க. செலவே இல்லாத காவல் அது. கழற்றின சக்கரத்தைப் படுக்கப் போட்டு, கதவோர விளிம்புக்கு அடியில தள்ளி விடுறது. ஸ்டாண்டு காலை வாரினாலும் கார் சக்கரத்து மேல உட்காரும். உங்களுக்கு மூச்சு விட இடம் மிஞ்சும். ஜாக்கியையும் வெளியே எடுக்காம, தூக்கின இடத்துல லேசா தொட்டபடி விட்டு வைங்க.

முதல் தடவை பண்றவங்க நாலு சக்கரத்தையும் அந்தரத்துல தூக்க ஆசைப்படாதீங்க. ஒரு பக்கம் போதும். ரெண்டாவது பக்கத்தைத் தூக்கும்போது, முதல் பக்கத்து ஸ்டாண்டுகள் சாய வாய்ப்பு உண்டு. துருப்பிடிச்ச போல்ட்டை அடியில படுத்துக்கிட்டு ‘ஏலேலோ’ன்னு இழுக்காதீங்க. காரும் சேர்ந்து அசையும். முக்கியமா, தனியா பண்ணாதீங்க. வேலை தெரியலேன்னாலும் பரவாயில்லை, ஒரு ஃப்ரெண்டைப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார வைங்க. டீ வாங்கிக் கொடுத்தா போதும்.

நம்ம பசங்களுக்கும் ஒரு வார்த்தை

‘அமெரிக்கா கதை எனக்கெதுக்கு?’னு கேட்கிற ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் மக்களே! காலேஜ் டீமா சேர்ந்து நீங்களே ரேஸ் கார் கட்டி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கொண்டுபோறீங்களே, இந்த மாதிரி ஸ்டூடன்ட் ஃபார்முலா கார்களோட விதியில ஒண்ணு ஞாபகம் இருக்கா? காரோட பின்பக்கம், தூக்குறதுக்குன்னே ஒரு குழாய் இருக்கணும். அதுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிச்சிருக்கணும். ஏன்? அவசரத்துல ஓடி வர்றவன் ‘எங்கே தூக்குறது?’ன்னு ஒரு நொடி கூட யோசிக்கக் கூடாது. மாணவர்கள் கட்டுற காருக்கே இந்த ஒழுங்குன்னா, வீட்டு கராஜ்ல நமக்கு எவ்வளவு வேணும்?

கடைசியா, அடியில தலையை விடறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: முட்டுக்கட்டை போட்டாச்சா? எடை ஸ்டாண்டு மேல இருக்கா? ஸ்டாண்டு போனா அடுத்தது என்ன? மூணுக்கும் பதில் இருந்தா படுங்க. ஒண்ணுக்கு இல்லேன்னாலும் எந்திரிச்சு வந்துடுங்க. ஆயில் நாளைக்குக் கூட மாத்திக்கலாம் பாஸ்.

அடுத்த வாரம், பிரேக் பேட் கீச்சுன்னு கத்துனா அது என்ன சொல்ல வருதுன்னு பார்ப்போம். வர்ட்டா?