புகை வரும் திசை



மாசி பிறந்துவிட்டால் தபாலில் ஒரு புகார் தவறாமல் வந்துவிடும். வாதாம் மரமும் வேம்பும் புங்கையும் இலை கொட்டுகிற காலம். கொட்டியதைக் கூட்டுகிறார்கள், கூட்டியதைக் குவிக்கிறார்கள், குவித்ததில் தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார்கள். புகைக்கு மதில் சுவர் ஏது? இந்த முறை எழுதியிருக்கும் சகோதரி, மொட்டை மாடியில் காயப்போட்ட ஜவ்வரிசி வடாத்தைப் பொரித்தபோது புகை நாற்றம் அடித்தது என்கிறார். வடாம் போனால் போகட்டும். வீட்டில் மாமியாருக்கு இழுப்பு. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். சண்டை போட மனசில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

‘நாலு இலையை எரித்தால் என்ன ஆகிவிடும்’ என்பதுதான் எல்லா ஊரிலும் கிடைக்கிற பதில். நன்றாகக் காய்ந்த சருகு படபடவென்று எரிந்து தீர்ந்தால் புகை குறைவுதான். ஆனால் விடியற்காலையில் கூட்டிய குப்பையில் பனி ஈரம் இருக்கும், பாதி இலை பச்சையாக இருக்கும், வேரோடு மண்ணும் ஒட்டியிருக்கும். அது எரியாது, கனன்றுகொண்டே இருக்கும். அரைகுறையாக எரிகிற தீயில்தான் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் கூடுதலாக வரும். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் நிற்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். குளிர்ந்த காலையில் தரையோரக் காற்று கனமாக இருப்பதால் புகையும் மேலே ஏறாமல் ஜன்னல் உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2018 போகியன்று புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து, சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டது நினைவிருக்கும்.

கொசுவுக்காக வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுகிறவர்கள் தனி ரகம். அவர்கள் தெருவுக்கே உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். இழுப்பு உள்ளவருக்கு வேப்பம்புகையும் ஒன்றுதான், வேறு புகையும் ஒன்றுதான் என்பதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும்.

சகோதரிக்கு என் முதல் யோசனை: தீக்குச்சியை உரசுவது யார் என்று பாருங்கள். பல வீடுகளில் அது வீட்டுக்காரர் இல்லை. காலையில் வாசல் தெளித்துக் கூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய பணியாள் அம்மா. குப்பை வண்டிக்காரர் சமையலறைக் குப்பையை வாங்கிக்கொள்வார், சருகு மூட்டையைக் கண்டால் கையை விரித்துவிடுவார். போட இடம் இல்லை, நேரமும் இல்லை. அந்த அம்மாவைத் திட்டி என்ன பயன்? தெருமுனையில் சருகைக் கொளுத்தும் துப்புரவுத் தொழிலாளி விஷயமும் இதே கதைதான். அவரிடம் கோபித்துக்கொள்வதைவிட, வண்டி ஏன் வரவில்லை என்று மேற்பார்வையாளரைக் கேட்கலாம்.

வீட்டுக்காரர்தான் என்றால், புகை வந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். அப்போது உங்களுக்குக் கண் எரியும், அவருக்கு ரோஷம் வரும். சாயங்காலம், அவர் செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரம் பார்த்துப் போங்கள். “எரிக்காதீங்க” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அண்ணே, எங்க அத்தைக்கு இழுப்புங்க, காலைப் புகை ஒத்துக்க மாட்டேங்குது. உங்க வீட்டுச் சருகை நானே எடுத்துக்கட்டுமா? செடிக்குப் போட்டுக்குவேன்” என்று கேட்டுப் பாருங்கள். அவர் கஷ்டம் சருகு, உங்கள் கஷ்டம் புகை. சருகை வாங்கிக்கொண்டால் இரண்டும் தீரும்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, சருகுக்கு உண்மையிலேயே கிராக்கி உண்டு. சருகு செய்கிற வேலைக்காகவே மாடித் தோட்டக்காரர்கள் தேங்காய் நார்க் கழிவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சமையல் கழிவின் மேல் ஒவ்வொரு நாளும் ஒரு கை சருகைத் தூவி மூடினாலே நாற்றமும் ஈயும் அடங்கிவிடும். செடியைச் சுற்றி மூன்று விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போட்டால் சித்திரை வெயிலில்கூட மண் சீக்கிரம் காயாது. தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடி அழுகும். மிச்சத்தைக் குழியில் கொட்டிச் சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதத்தில் மக்கு உரம் தயார். சாணி கிடைக்காத ஊரில் புளித்த மோர் போதும். மாவிலை தடித்தது, லேசில் மக்காது. காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. சருகோடு சருகாகப் பால் கவரும் பழைய ஒயரும் பிய்ந்த செருப்பும் சேர்ந்து எரிந்தால் அது தோட்ட வேலையே இல்லை. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அதற்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே சொல்லுங்கள்.

சொல்லியும் கேட்காதவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் குப்பையை வீட்டு வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி அகற்ற வேண்டும் என்றன. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு முழுத் தடை விதித்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையையும் குறிப்பிட்டது. சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். தேதி, நேரம், ஒரு படம் இருந்தால் புகாருக்கு வலு. ஆனால் எழுத்தில் புகார் போன பிறகு பழைய முகத்தோடு பொங்கல் தட்டு மாற்றுவது கடினம். நல்ல வார்த்தைகள் எல்லாம் செலவான பிறகு அதை எடுங்கள். வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ளவர் இருந்தால் மட்டும் ரொம்ப நாள் யோசிக்க வேண்டாம்.

குடியிருப்போர் நலச்சங்கத்தில் இருப்பவர்கள் பூங்காவின் ஒரு மூலையில் பொதுக் குழி ஒன்று கேட்டு வாங்கினால் தெருவுக்கே விடிவு. அப்படிச் செய்து பார்த்தவர்கள், என்ன சிக்கல் வந்தது, யார் கிளறுவது என்பதில் எத்தனை சண்டை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். தென்னை மட்டைக்கு யாராவது வழி சொன்னால் முதல் பக்கத்திலேயே போடுவேன். துடைப்பத்துக்கு ஈர்க்கு உருவிய பிறகும் மட்டை மிஞ்சிவிடுகிறது, அதை எந்த வண்டிக்காரரும் ஏற்றுவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்