சில்லுக்கும் பாடபேதம் உண்டு

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, கடலைச் சேருமுன் ஆழ்வார்திருநகரியைத் தொட்டுச் செல்கிறது. பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. அவ்வூருக்குச் சென்றார், 1889இல் நூல் அச்சேறியது. பழைய வீட்டுக் கணினிகளின் சில்லுகளை மறுபடி உருவாக்குவோரைக் காணும்போது, இவ்வாற்றங்கரையில் தமிழ் கற்பிக்கும் நமக்கு அவர் நினைவே வருகிறது.

1982இல் வந்த கமடோர் 64 கணினியின் ஒலிச்சில்லு சிட் 6581. அதை வடிவமைத்தவர் பாப் யான்னஸ். உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயின. எஞ்சியவையும் பழுதாகி வருகின்றன. அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும், நன்றாகச் சூடேறும். மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கருவிக்கு அது ஒவ்வாது. எனவே ஆர்வலர்கள் அதன் செயல்பாட்டைப் புதிய சில்லுகளில் எழுதிப் பொருத்துகிறார்கள். ஆர்ம்சிட், எஃப்.பி.ஜி.ஏ.சிட் ஆகியவை அவ்வாறு பிறந்தவை.

மூலச் சில்லில் ஒரு குறை இருந்தது. ஒலியளவை மாற்றுந்தோறும் 'டிக்' என்றொரு ஓசை எழும். நிரலாளர்கள் அக்குறையையே கருவியாக்கினர். ஒலியளவை மிக விரைவாக மாற்றி மாற்றி, பதிவுசெய்த முரசொலியையும் மனிதக் குரலையும் அதில் ஒலிக்கச் செய்தனர். பின்வந்த 8580 சில்லில் குறை களையப்பட்டது. பழைய இசையிலிருந்த முரசும் குரலும் ஏறத்தாழ அடங்கிப்போயின.

நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம் ஒரு பாடத்தையே அழித்துவிட்டது. விளங்காத சொல்லைப் பிழையென்று கருதித் திருத்திவிடும் பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. விளையாட்டுக் கருவிக்கு இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த இசையை இயற்றியவர்கள் குறையுள்ள சில்லுக்காகவே இயற்றினர் என்பதே நம் விடை. எஃப்.பி.ஜி.ஏ.சிட் இரு சில்லுகளின் ஒலியையும் தெரிவு செய்ய இடம் தருகிறது. பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டும் நல்ல பதிப்பைப் போன்றது அது.

நம் நாட்டிலும் 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்வழி பிபிசி மைக்ரோ கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றில் ஒன்று ஏதேனும் ஒரு பள்ளியின் மூலையில் இன்னும் தூசு படிந்து கிடக்கக்கூடும். பழைய இரும்புக் கடைக்கு அதை எடைக்குப் போடுமுன் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஒப்பிட மூலம் இல்லையெனில், எது பிழை, எது பாடம் என்று எவராலும் சொல்ல இயலாது.