ரங்கூன் பெட்டியில் ஆச்சியின் சீதனம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பிள்ளை, சம்பளம் வந்த நிமிஷமே கைபேசியைத் தட்டி ஊரிலுள்ள தாயாருக்குப் பணம் அனுப்பிவிடுகிறான். நூறு வருஷங்களுக்கு முன் கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்த நகரத்தார் வட்டிக்கடையில் பணத்தைக் கட்டி, உண்டியல் எழுதி வாங்கினார்கள். ஒரு துண்டுக் காகிதந்தான்! இங்கே அதைக் காட்டினால் பணம் கைக்கு வந்துவிடும்.

அந்தக் கடைகளைப் பார்த்தால் பாங்கி என்றே தோன்றாது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் 'கிட்டங்கி' என்ற நீண்ட கூடங்கள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு மரப்பெட்டி. அதன் முன்னால் சம்மணமிட்டு ஏஜெண்டு. இரவில் படுக்கையும் அங்கேயேதான். வழக்கமாக மூன்று வருஷத் தவணை. அதுவரை மனைவி மக்கள் செட்டிநாட்டில். ஷாங்காய் முதலான துறைமுகங்களில் சீனர்களும் இப்படிச் சொந்தப் பாங்கிகள் நடத்தினார்கள். ஈடு கேட்காமல், ஆளின் நாணயத்தைப் பார்த்தே கடன் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

சரி, நம்மவர் பெட்டியிலிருந்த பணம் யாருடையது? முதலாளியின் சொந்தப் பணம் உண்டு. உறவினர் போட்டது, கோயில் பணம் உண்டு. 'ஆச்சிமார் பணம்' என்றும் ஒன்று உண்டு. கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீதனந்தான் அது! காரைக்குடியில் ஆச்சி சிக்கனமாகக் குடித்தனம் நடத்த, அவள் பணம் கடல் கடந்து வட்டி ஈட்டிக்கொண்டிருந்தது.

பர்மாவில் அது நெல் விவசாயிகளுக்குக் கடனாகப் போயிற்று. 1930-ல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட வழியில்லாமல் குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டின் கடைசியில் 25 பங்காயிற்று. நிலம் பறிபோன பர்மியரின் கோபம் நியாயமானதுதானே? 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நம்மவர் பலர் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள். 1948-ல் நிலச் சட்டம் வந்தது, நிலமும் போயிற்று. அதோடு எத்தனையோ ஆச்சிமாரின் சீதனமும் போயிற்று.

அந்த நிலத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சகோதரிகளே, உங்கள் பேரில் போட்ட பணம் எங்கே இருக்கிறது, யாருக்குக் கடனாகப் போகிறது என்று இன்றே வீட்டில் கேட்டு வையுங்கள்!